கடல் காற்று ஒத்துக்கொள்ளாத கருவி: ஒரு சீபாப் பயணியின் ஏழு இரவுகள்

எங்கள் தூக்க ஆய்வகத்தில் காலையில் முதல் வேலை, கணினித் திரையில் சிவப்பைத் தேடுவது. சீபாப் என்பது தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறவர்களுக்கு இரவு முழுக்க மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தித் தரும் கருவி. இப்போது வரும் சீபாப் கருவிகள் பலவற்றின் வயிற்றுக்குள் சிறிய மோடம் ஒன்று இருக்கிறது. முந்தைய இரவு கருவி எத்தனை மணி நேரம் ஓடியது, மாஸ்க் எவ்வளவு கசிந்தது, மூச்சு எத்தனை தடவை தடைபட்டது என்பதையெல்லாம் பொழுது விடிந்ததும் அது அனுப்பிவிடும். தகவல் வராதவர்களின் பெயர் சிவப்பாக மாறும். நான்கு ஆண்டுகளில் அநேகமாக ஒரு நாள்கூடச் சிவக்காத ஒரு பெயர், தொடர்ந்து ஏழு நாள் சிவந்து கிடந்தது.

எட்டாம் நாள் இரவு, திரையில் இரவுக்கு ஒன்றாகக் காலியாகக் கிடந்த கட்டங்களில் ஆறு ஒரே மூச்சில் நிரம்பின. அவர் ஏழு இரவுக் கப்பல் பயணம் போய்த் திரும்பியிருந்தார். நடுக்கடலில் கைபேசிக் கோபுரம் ஏது? கருவி எல்லாவற்றையும் தனக்குள் எழுதி வைத்துக்கொண்டு, கரைக்கு வந்து சிக்னல் கிடைத்ததும் மொத்தமாக அனுப்பியிருந்தது. ஏழாவது கட்டம் மட்டும் நிரம்பவே இல்லை. நிரம்பிய ஆறிலும் ஒழுங்கானவை என்று சொல்லத் தக்கவை இரண்டு.

மறுநாள் கருவியையே தூக்கிக்கொண்டு மனைவியோடு வந்துவிட்டார். போட்டால் ஓடுகிறது, ஆனால் குழாயில் கரகரவென்று சத்தம், காற்றில் ஈர வாடை. "கடல் காற்று இந்த மெஷினுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, தம்பி. கப்பலில் பாதி நாள் இது வேலையே செய்யவில்லை" என்றார்.

மெமரி கார்டை உருவிக் கணினியில் போட்டு, ஒவ்வோர் இரவாக இருவரிடமும் கேட்டுக் கேட்டு எழுதிய குறிப்பு இது. அவர்கள் சம்மதித்திருக்கிறார்கள். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நோயாளியும் நாங்கள் கொடுத்த கடிதமும்

வயது 61, ஆண். நான்கு ஆண்டுகளுக்கு முன் செய்த சோதனையில் தூக்கத்தில் மணிக்கு 42 தடவை மூச்சு நின்றது அல்லது பெருமளவு குறைந்தது. ஒவ்வொரு தடையும் குறைந்தது 10 விநாடி நீடித்தால்தான் கணக்கில் சேரும். மணிக்கு 5 வரை இயல்பு என்று விட்டுவிடுவோம். 30-ஐத் தாண்டினால் தீவிரம். தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப் பாதை ஒட்டிக்கொள்வதுதான் இதற்குக் காரணம். சீபாப் செய்வது ஒன்றே ஒன்று: இடைவிடாத காற்றழுத்தத்தால் அந்தப் பாதைக்கு உள்ளிருந்து முட்டுக் கொடுக்கிறது. ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் 1981-இல் இதை முதன்முதலாக வெளியிட்டபோது அவர் கையில் இருந்தவர்கள் ஐந்தே நோயாளிகள்.

இவருடைய கருவி காற்றழுத்தத்தை 8 முதல் 14 சென்டிமீட்டர் நீரழுத்தத்துக்குள் (இந்தக் கருவிகளின் அழுத்தத்தை அளக்கும் அலகு) தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் வகை. மூக்கு அடிக்கடி அடைத்துக்கொள்வதால் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் மாஸ்க். வீட்டில் இரவுக்கு ஏழு மணி நேரம் போடுவார். தடைகள் மணிக்கு 2 அல்லது 3. இதைவிட ஒழுங்கான ஆளை எங்கள் பட்டியலில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பு வந்து, "கப்பலுக்கு ஏதாவது சான்று வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறார். கருவியின் பெயர், அழுத்த அளவு, மருத்துவக் காரணம் எல்லாம் போட்டு ஒரு கடிதம் கொடுத்தோம். அவ்வளவுதான். படுக்கையிலிருந்து பிளக் பாயிண்ட் எவ்வளவு தூரம், தண்ணீருக்கு என்ன ஏற்பாடு என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கடிதத்தைப் பயணம் முழுவதிலும் யாரும் வாங்கிப் பார்க்கவே இல்லை என்பது வேறு கதை.

முதல் இரவு: 1 மணி 40 நிமிடம்

வீட்டில் பயன்படுத்தும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை அவர் மறக்காமல் எடுத்துப் போயிருந்தார். மின்னழுத்தம் திடீரென்று எகிறினால் காப்பாற்றும் ஸ்பைக் பஸ்டர் வகை. நல்லதாகப் பார்த்து வாங்கியது. கப்பலில் ஏறும் முன் எக்ஸ்ரே சோதனையில் அதை எடுத்து வைத்துக்கொண்டு ரசீது கொடுத்துவிட்டார்கள். இறங்கும்போது வாங்கிக்கொள்ளலாம். அவருக்கு மகா கோபம். பாதுகாப்பான பொருளைப் பிடுங்கிக்கொண்டு இதென்ன பாதுகாப்புச் சோதனை என்று என்னிடமே மூச்சுவிடாமல் பேசினார்.

கோபம் நியாயமானதாகத் தோன்றும்; ஆனால் சோதனை செய்தவர்கள் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. வீட்டு மின்சாரத்தில் இரண்டு கம்பிகளில் ஒன்று பூமியோடு இணைந்தது, அதனால் அதில் அபாயமான மின்னழுத்தம் இருப்பதில்லை. கப்பல்களில் பெரும்பாலும் அப்படி இல்லை. இரண்டு கம்பிகளுமே கப்பலின் இரும்பு உடலோடு சேராமல் தனித்து ஓடுகின்றன. இரண்டிலும் மின்னழுத்தம் உண்டு. ஸ்பைக் பஸ்டருக்குள் இருக்கும் பாகங்களோ கம்பிக்கும் எர்த்துக்கும் நடுவில் பாலம் போட்டாற்போல் இருப்பவை. கப்பலில் வேறெங்கோ ஒரு மூலையில் மின்கசிவு ஏற்பட்டால், அந்தப் பாகங்கள் தாங்கக்கூடிய அளவைத் தாண்டி அழுத்தம் ஏறி, சூடாகி, தீப்பிடிக்கவும் கூடும். அதன் சுவிட்ச் ஒரு கம்பியைத்தான் துண்டிக்கும். மற்றதில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2013-இல் இதற்கென்றே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. வீட்டில் காப்பாற்றும் பொருள் கப்பலில் கொளுத்திவிடும் என்பதை அவருக்கு விளக்க எனக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. நம்பினாரா என்பது இன்றுவரை சந்தேகம்தான்.

கேபினில் பிளக் பாயிண்ட் இருந்தது மேசைக்கு மேலே. படுக்கை அங்கிருந்து மூன்று மீட்டர். மின்னழுத்தத்தில் பிரச்சினை இல்லை. கருவியின் அடாப்டர் 100 முதல் 240 வோல்ட் வரை எதையும் ஏற்கும். தூரம்தான் பிரச்சினை. நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டு, அதன்மேல் கருவியை வைத்திருக்கிறார். ஒயர் ஒரு பக்கம் விறைத்து நிற்க, காற்றுக்குழாய் மறுபக்கம் விறைத்து நிற்க, நடுவில் கருவி கழைக்கூத்தாடி போல. அவர் புரண்டபோதெல்லாம் குழாய் மாஸ்க்கை இழுத்தது. வரைபடத்தில் காற்றுக் கசிவுக் கோடு ஏறி ஏறி இறங்குகிறது. 1 மணி 40 நிமிடத்தில் வெறுத்துப்போய் அணைத்துவிட்டார். அன்று இரவு அவரும் தூங்கவில்லை. அவருடைய குறட்டையில் அந்த அம்மாவும் தூங்கவில்லை.

காலையில் அறைப் பணியாளரிடம் சொன்னதும் ஐந்து நிமிடத்தில் கப்பலுக்குச் சொந்தமான எக்ஸ்டென்ஷன் ஒயர் வந்துவிட்டது. சீபாப் பயணிகள் அவர்களுக்குப் புதியவர்கள் அல்லர். முன்பதிவின்போதே சிறப்புத் தேவைகள் பிரிவுக்கு எழுதியிருந்தால் முதல் நாளே கட்டிலுக்கடியில் இருந்திருக்கும்.

ஒயர் கிடைக்காத ஓர் இரவை ஓட்ட வழி கேட்டால் நான் சொல்வது: தலையணையைக் கால் பக்கம் மாற்றிப் போட்டுப் படுங்கள். மேசை பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் இருக்கும். நாற்காலி வித்தையைவிட எவ்வளவோ மேல்.

இரண்டாம் இரவும் தண்ணீரும்

6 மணி 50 நிமிடம், தடைகள் மணிக்கு 2.6. எண்களில் குறையில்லை. ஆனால் வாய் வறண்டு, தொண்டை எரிந்து எழுந்திருக்கிறார். கருவியின் ஈரப்பதமூட்டித் தொட்டிக்குக் காய்ச்சி வடித்த நீர் கொண்டுபோகவில்லை. குழாய்த் தண்ணீர் ஊற்றப் பயந்து தொட்டியைக் காலியாகவே விட்டுவிட்டார்.

பெரிய கப்பல்களில் கடல்நீரை ஆவியாக்கிக் குளிர வைத்தோ, சவ்வு வழியாக அழுத்தி வடிகட்டியோ குடிநீர் தயாரிக்கிறார்கள். அப்படியானால் அதுவே காய்ச்சி வடித்த நீர்தானே என்று அவர் கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் கேபின் குழாய்க்கு வருவதற்குள் அதில் தாது உப்புகளைச் சேர்த்து, குளோரினும் கலந்துவிடுகிறார்கள். ஓரிரு இரவு ஊற்றினால் கருவி கெட்டுவிடாது. வெள்ளையாக உப்புப் படியும், தேய்த்துக் கழுவலாம். நான் கவலைப்படுவது உப்பைப் பற்றியல்ல. வெதுவெதுப்பான தண்ணீரை நாள் முழுக்கத் தொட்டியில் தேக்கி வைத்தால் அதில் வளர்வன நேராக நுரையீரலுக்குத்தான் போகும். எந்தத் தண்ணீரானாலும் காலையில் மிச்சத்தைக் கொட்டித் தொட்டியைத் திறந்து காய விட வேண்டும். முன்கூட்டியே கேட்டால் பல கப்பல்களில் காய்ச்சி வடித்த நீரையே கேபினில் வைத்துவிடுகிறார்கள். இவர் மூன்றாம் நாள் காலையில் கேட்டு, மதியம் வாங்கிக்கொண்டார்.

மூன்றாம் இரவு: 2:10-க்கு நின்ற வரைபடம்

இந்த இரவைப் பற்றி அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் சிரிக்கவில்லை.

அன்று கடல் கொந்தளிப்பு. புதிதாகக் கிடைத்த தண்ணீரைத் தொட்டியின் உச்சக் கோடு வரை நிரப்பி, கருவியைக் கட்டிலைவிட உயரமான மேசையில் வைத்திருக்கிறார். கப்பல் ஆட ஆட, தண்ணீர் தொட்டியின் வாயைத் தாண்டிக் குழாய்க்குள் இறங்கியது. யாரோ காதருகில் வாய் கொப்புளிப்பது போலச் சத்தம் கேட்டதாக அந்த அம்மா சொன்னார். கருவி எப்போதும் தலையைவிடத் தாழ்வாக, நழுவாத விரிப்பின்மேல் இருக்க வேண்டும். தொட்டியில் பாதித் தண்ணீர் போதும். இது எளிய சங்கதி. ஏசிக் குளிரில் குழாய்க்குள் நீர் கோத்துக்கொள்வதும் இதே போலத்தான் சத்தம் போடும்; அதற்குக் குழாயைப் போர்வைக்குள் விட்டுக்கொண்டால் ஆயிற்று.

சிரிக்க முடியாதது அடுத்தது. மாலையில் குமட்டலுக்கு மாத்திரை போட்டிருக்கிறார். கடல் நோய்க்குக் கொடுக்கும் பழைய வகை மாத்திரைகள் பலவும் தூக்கத்தை வரவழைப்பவை. அந்த மயக்கத்தோடு, மூக்கையும் வாயையும் மூடிய மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு படுத்தவருக்கு இரவு 2 மணி சுமாருக்கு வாந்தி வந்தது. தண்ணீர்ச் சத்தத்தில் மனைவி ஏற்கெனவே விழித்திருந்ததால் மாஸ்க்கை இழுத்து எறிந்திருக்கிறார். வாயை மூடிய மாஸ்க்குக்குள் வாந்தி எடுத்தால் அது மூச்சுப் பாதைக்குள் போய்விடலாம். பின்னாலிருந்து காற்றழுத்தம் வேறு தள்ளிக்கொண்டிருக்கிறது. அந்த ஏழு நாளில் உயிருக்கு ஆபத்தாக முடிந்திருக்கக்கூடியது இந்த ஒரு நிமிடம்தான். அவரைக் காப்பாற்றியது ஒழுகிய தண்ணீர்.

அவரிடம் நான் சொன்னது: குமட்டல் இருக்கும் இரவில் அந்த மாஸ்க் வேண்டாம். தலைப்பக்கத்தை உயர்த்தி, ஒருக்களித்துப் படுங்கள். ஓர் இரவு சிகிச்சை விடுபட்டால் உங்களுக்கு வரக்கூடியது மறுநாள் களைப்பும் தலைவலியும். இதயக் கோளாறு இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு. அவர்கள் புறப்படும் முன் மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். எந்தக் குமட்டல் மாத்திரை என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்வது நல்லது. தூக்க மருந்து தொண்டையை இன்னும் தளர்த்தும் என்பது நமக்குத் தெரியும். கப்பலில் மாத்திரை கொடுப்பவருக்கு உங்களுக்கு மூச்சுத்தடை இருப்பது தெரியாது.

நான்காம் இரவு: 5:32

எனக்கு மிகவும் பிடித்த வரைபடம். 11:07-க்குத் தொடங்கி ஒரு குறையும் இல்லாமல் ஓடி, காலை 5:32-க்குக் கத்தியால் வெட்டியதைப் போல நின்றுவிட்டது. மாஸ்க்கைக் கழற்றுகிறவர்களின் வரைபடத்தில் கடைசி நிமிடத்தில் கசிவுக் கோடு மேலே ஏறும். காற்று அறைக்குள் வீணாகப் போவது பதிவாகும். இங்கே அது இல்லை. கருவிக்கு மின்சாரமே நின்றிருக்கிறது.

"அன்று கப்பலில் கரண்ட் போயிற்றா?" என்று கேட்டேன். இருவரும் இல்லை என்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மா மெதுவாக, "அன்றைக்குத்தான் நான் சூரியன் உதிப்பதைப் பார்க்க மேல்தளத்துக்குப் போனேன்" என்றார்.

கதவருகே இருந்த செருகுவாயிலிருந்து அறைச் சாவிக் கார்டை உருவிக்கொண்டு போயிருக்கிறார். சில கப்பல்களில் அந்தக் கார்டு இருந்தால்தான் அறைக்கு மின்சாரம். விளக்கோடு பிளக் பாயிண்டும் சேர்ந்து அணைந்துவிடும். தூங்குகிற கணவரை எழுப்பக் கூடாதென்று கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார். அவர் எழவும் இல்லை. காற்று நின்றால் மாஸ்க்குக்குள் மூச்சு முட்டிவிடாதா என்று பலர் பயப்படுகிறார்கள். வாயையும் மூடும் மாஸ்க்குகளில் அதற்கென ஒரு வால்வு உண்டு. அழுத்தம் விழுந்ததும் அது திறந்து அறைக் காற்றை உள்ளே விடும். மூச்சு முட்டாது, ஆனால் சிகிச்சை இல்லை. அதன்பின் இரண்டு மணி நேரம் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டே குறட்டை விட்டிருக்கிறார். அன்று பகல் முழுக்கத் தலைவலி. "மெஷின் தானாக நின்றுவிட்டது" என்ற அவருடைய புகாரின் பூர்வீகம் இதுதான்.

ஐந்தும் ஆறும்

ஐந்தாம் இரவு 7 மணி 15 நிமிடம், ஆனால் தடைகள் மணிக்கு 9. அழுத்தம் மேல் எல்லையான 14-இலேயே முட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. அன்று மாலை விருந்து. மதுவும் தொண்டையைத் தளர்த்தும். எத்தனை கோப்பை என்று நான் கேட்கவில்லை. அந்த அம்மா விரல்களில் காட்டினார். ஆறாம் இரவு வீட்டில் தூங்குவதைப் போலவே தூங்கியிருக்கிறார். நடுவில் கப்பலின் கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றினார்கள், கருவியின் கடிகாரம் மாறவில்லை. அதனால் கெட்டுப்போவது ஒன்றுமில்லை.

ஏழாம் இரவு: வெற்றிடம்

பெரிய கப்பல்களில் கடைசி இரவு ஒரு வழக்கம். பெட்டிகளில் அடையாளச் சீட்டைக் கட்டி, படுக்கும் முன் அறைக்கு வெளியே வைத்துவிட வேண்டும். இரவோடு இரவாகக் கீழே கொண்டுபோய்விடுவார்கள். மறுநாள் துறைமுகக் கொட்டகையில் நாம் எடுத்துக்கொள்ளலாம். இவர் எதையும் கடைசி நேரத்துக்கு வைக்காதவர். மாலையிலேயே எல்லாவற்றையும் அடுக்கி, சீபாப்பையும் பெரிய பெட்டியில் வைத்துப் பூட்டி, வாசலில் நிறுத்தியாயிற்று. இரவு 11 மணிக்குப் படுக்கையில் உட்கார்ந்து மாஸ்க்குக்காகக் கையை நீட்டியபோதுதான் நினைவு வந்தது. கதவைத் திறந்து பார்த்தால் நடைவழி காலி.

தொட்டியிலிருந்த தண்ணீரையும் கொட்டவில்லை. பெட்டி நின்றும் கிடந்தும் உருண்டும் கரைக்கு வந்ததில், தண்ணீர் கருவியின் காற்றுவழிக்குள் பின்னோக்கிப் பாய்ந்துவிட்டது. அவர் கொண்டுவந்த கரகரச் சத்தமும் ஈர வாடையும் அதுதான். கடல் காற்றுக்கு இதில் பங்கில்லை. வடிகட்டியை மாற்றி, சேவைப் பிரிவுக்கு அனுப்பி உலர்த்திச் சோதித்தோம். பழுது எதுவுமில்லை என்று திரும்பி வந்தது.

பேட்டரி தேவையா?

அந்த அம்மா கேட்டார்: கப்பலிலேயே மின்சாரம் போய்விட்டால்? பயணிகள் கப்பல்களில் 36 மணி நேரம் தாங்கும் அவசர மின்சாரம் இருக்க வேண்டுமென்று பன்னாட்டு விதி உண்டு. அது விளக்கு, எச்சரிக்கை மணி, தகவல் தொடர்பு போன்றவற்றுக்கு. உங்கள் கட்டிலருகே உள்ள பிளக் பாயிண்டுக்கு வரும் என்று நம்பியிருக்கக் கூடாது. 2013 பிப்ரவரியில் கார்னிவல் டிரையம்ஃப் என்ற கப்பல் எந்திர அறைத் தீயால் மெக்சிகோ வளைகுடாவில் செயலிழந்து நின்று, இழுத்துக் கரை சேர்க்க நான்கு நாள் ஆயிற்று. அபூர்வம்தான், ஆனால் நடந்தது.

இவருக்கு நான் பேட்டரியை வற்புறுத்தவில்லை. வாங்குகிறவர்கள் இரண்டு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். தண்ணீரைச் சூடாக்குவதும் குழாயைச் சூடாக்குவதும்தான் மின்சாரத்தைத் தின்பவை. இரண்டையும் அணைத்தால் அதே பேட்டரி பல மடங்கு நேரம் வரும். துறைமுகத்துக்கு விமானத்தில் போவதானால், தனி லித்தியம் பேட்டரி கைப்பையில்தான் இருக்க வேண்டும். 100 வாட்-மணி வரை தடையில்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதியோடு இரண்டு.

இரண்டாவது பயணம்

பத்து மாதம் கழித்துப் பத்து இரவுப் பயணம். இந்த முறை கடிதத்தோடு ஒரு பக்கத் தாளையும் கொடுத்தோம். ஒயரும் தண்ணீரும் முன்பதிவின்போதே எழுதிக் கேட்டாயிற்று. கருவிக்குத் தனியாக ஒரு கைப்பை. ஏறும்போதும் இறங்கும்போதும் அது அவர் தோளை விட்டு இறங்கவில்லை. கார்டுச் செருகுவாய்க்குள் தேவையில்லாத பழைய அட்டை ஒன்றைச் செருகிப் பார்த்து, அதற்கும் மின்சாரம் வருகிறதென்று முதல் நாளே உறுதிசெய்து அப்படியே விட்டுவிட்டார் அந்த அம்மா. எல்லாச் செருகுவாயும் இப்படி ஏமாறாது. ஏமாறாவிட்டால் இரண்டாவது கார்டு கேட்டு வாங்குவதாக இருந்தார்.

பத்துக் கட்டங்களும் நிரம்பின. தடைகள் மணிக்கு 2 முதல் 4-க்குள். ஆறாம் நாள் மட்டும் காலை 5:10-க்கே நின்றிருந்தது. பழையபடி கார்டோ என்று பெரிதாக்கிப் பார்த்தேன். கடைசி நிமிடத்தில் கசிவுக் கோடு மேலே ஏறியிருந்தது. அவரே மாஸ்க்கைக் கழற்றியிருக்கிறார். கேட்டதற்கு, அன்று சூரியன் உதிப்பதைப் பார்க்க இருவருமாகப் போனார்களாம்.